வைப்பர்னா எந்த வைப்பர்?

மூன்று வருடம் பூட்டிக் கிடந்த வீடு. குலசேகரத்தில் ரப்பர் தோட்டங்களுக்கு நடுவில் இருப்பதால் ஈரம் எப்போதும் உண்டு. ஜன்னல் கண்ணாடிகளில் பூசணம் படிந்து, வெளியே மழையா வெயிலா என்றே தெரியவில்லை.

டொரொண்டோவிலிருந்து பத்து நாள் லீவில் வந்திருந்தேன். மார்த்தாண்டம் பக்கம் வீடு சுத்தம் செய்கிறவர்களுக்கு ஃபோன் போட்டு, "ஸ்க்வீஜி கொண்டு வருவீங்களா?" என்று கேட்டேன்; கண்ணாடித் தண்ணீரை வழிக்கிற ரப்பர் பட்டைதான் அது. கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "எல்லா சாமானும் இருக்கு சார்." வந்தது ஒரு வாளி, பழைய பனியன் துணி, பழைய பேப்பர். 1,500 ரூபாய் கொடுத்தபோது கண்ணாடி பளபளத்தது. காய்ந்து வெயில் பட்டதும் கோடு கோடாகத் திட்டு.

சரி, நாமே வாங்கிவிடலாம் என்று கடைக்குப் போய் 'வைப்பர்' என்றேன். "எந்த வைப்பர்?" என்று கேட்டு, தரைத் தண்ணீர் தள்ளுகிற நீளக் கம்பு, காருக்குப் போடுகிற பிளேடு இரண்டையும் எடுத்து வைத்தார். கடைசியில் ஒரு மூலையிலிருந்து வந்தது நான் கேட்டது: குறுக்குப் பட்டையில் ரப்பர் விளிம்பு, நடுவில் கைப்பிடி. டொரொண்டோ பெட்ரோல் பங்க்கில் நீலத் தண்ணீர் வாளிக்குள் நிற்குமே, அதன் தம்பி.

முதலில் கப்பல் தளத்து ஈரத்தை வழிக்க வந்த சாமான் இது. 'பிழி' என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லின் உறவுக்காரப் பெயர். இன்று ஜன்னலுக்குப் புழங்கும் லேசான, ஒற்றை ரப்பர் வடிவம் எட்டோரே ஸ்டெக்கோனே என்ற இத்தாலியக் குடியேறியுடையது. கலிபோர்னியாவின் ஓக்லண்டில் 1936-இல் பித்தளையில் செய்து, காப்புரிமையும் வாங்கினார். ஜன்னல் துடைக்கிற தொழிலாளிதான் அவர்.

ஆனால் என் கையில் அது 'கிறீச்' என்று துள்ளி, கோடுதான் போட்டது. எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டுப் பையன், "இது எங்க ஸ்க்வீஜி மாதிரில்லா இருக்கு!" என்றான். ஊரிலேயே அந்தப் பெயரைச் சொன்னவன் அவன்தான். ஸ்கிரீன் பிரிண்டிங் கடையில் வேலை; சட்டத்தில் இழுத்துக் கட்டிய நைலான் வழியாக மையைத் தள்ளுவது அதே பெயருள்ள பட்டைதானாம். விளிம்பில் நகத்தை ஓட்டி, "இந்தா, இங்க ஒரு வெட்டு இருக்கு. எங்களுக்குன்னா கல்யாணப் பத்திரிகையே போச்சு அண்ணே" என்று ரப்பரை உருவித் திருப்பிப் போட்டான்.

பிறகு எளிது. சோப்புத் தண்ணீரைத் தாராளமாகத் தடவணும். மேல் விளிம்பில் இரண்டு விரல் அகலம் துணியால் உலர்த்திவிட்டு, அந்தக் காய்ந்த இடத்திலிருந்து பட்டையை வைத்துக் கீழே ஒரே இழுப்பு. ஒவ்வொரு இழுப்புக்கும் ரப்பரைத் துடைக்கணும், இல்லாவிட்டால் வழித்த அழுக்கே திரும்ப ஒட்டும். வெயில் ஏறுமுன் முடித்துவிடணும். நான்காவது ஜன்னலில் கை படிந்தது. தோட்டத்தில் ரப்பர் பால் எடுக்கிறவர் சிரட்டையைச் சாய்ப்பது கண்ணாடி வழியே தெளிவாகத் தெரிந்தது.

மறுநாள் காலை ஸ்க்வீஜியைக் காணோம். அடுக்களையில் சித்தி கிரானைட் மேடையில் சிந்தின தோசை மாவை அதால் வழித்துக்கொண்டிருந்தார். "இத விட்டுட்டுப் போ மக்ளே" என்றார்.