ஸ்பீக்கர் டின்னர்: பால்ரூம்ல 300 பேரா, மூணு டேபிள்ல 24 பேரா?

போன மாசம் மெம்பர்ஷிப் ரெனியூவலுக்கு மூணாவது தடவையா மெயில் வந்துச்சு, கட்டல. ஆறு வருஷமா போய்ட்டு இருந்த டின்னருங்க அது. கோயம்புத்தூர்ல அவினாசி ரோட்டுல ஒரு பெரிய ஹோட்டல் பால்ரூம், ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா, எம்டி, சிஎஃப்ஓ லெவல் ஆளுங்க மட்டும்னு சொல்லி நடக்கும், வெளியூர்ல இருந்து ஒரு பெரிய ஸ்பீக்கர் வருவாரு. அது ஓடிட்டு இருக்கறப்பவே 24 பேர் மட்டும் இருக்கற ஒரு சின்ன டின்னர் குரூப்புலயும் சேந்து ரெண்டு வருஷம் ஆச்சு. ரெண்டுலயும் உக்காந்து சாப்பிட்டு ஒண்ண விட்டவன்கறதால ஆளாளுக்கு போன் பண்ணி எது சேரலாம்னு கேக்கறாங்க, அதான் ஒரேடியா எழுதிடலாம்னு.

மொதல்லயே சொல்லிடறேன், நான் சின்ன டின்னர் பக்கம்தான். நடுநிலையெல்லாம் எதிர்பாக்காதீங்க. குறிச்சி பக்கம் உலோகத்த உருக்கி வார்க்கற காஸ்டிங் யூனிட் வச்சிருக்கேன், அப்பா ஆரம்பிச்சது, டர்னோவர் 38 கோடி, வயசு 51. உங்க தொழிலும் சைஸும் வேறன்னா கணக்கும் வேறயாத்தான் வரும்.

வேற ரெண்டு ஐட்டம் இருக்கு, அதை சீக்கிரம் முடிச்சுக்கறேன். ஒண்ணு காலைல நடக்கற ரெஃபரல் மீட்டிங், ஒருத்தருக்கொருத்தர் கஸ்டமர் புடிச்சுக் குடுக்கறது. பிஎன்ஐ (பிசினஸ் நெட்வொர்க் இன்டர்நேஷனல்) மாடல்னு சொல்வாங்க, 1985ல அமெரிக்கால ஐவன் மிஸ்னர் ஆரம்பிச்சது, ஒரு சேப்டர்ல ஒரு தொழிலுக்கு ஒரே ஆள், வாராவாரம் வரணும். ஆடிட்டர், இன்டீரியர், பிரின்டிங், இன்சூரன்ஸ் ஆளுங்களுக்கு இது தங்கமான விஷயம். ஆனா எனக்கு வருஷத்துக்கு வர்ற ஆர்டர் நாலு பர்சேஸ் ஹெட்டுங்க கையில இருக்கு, அவங்க யாரும் காலைல ஏழு மணிக்கு எந்திரிச்சு வந்து எனக்கு ரெஃபரல் குடுக்கப் போறதில்ல.

இன்னொண்ணு மூடுன ஃபோரம். எட்டு பத்து பேர், மாசம் ஒருக்கா, ஸ்பீக்கரே கிடையாது, அவங்கவங்க பிரச்சனைய பேசிக்கறது, அட்வைஸ் பண்ணக்கூடாது, அனுபவத்த மட்டும் சொல்லணும். 1950ல அமெரிக்கால ரே ஹிக்காக் ஆரம்பிச்ச ஒய்பிஓங்கற கம்பெனி தலைவருங்க சங்கம், அப்புறம் 1987ல வந்த ஈஓங்கற தொழில்முனைவோர் சங்கம், ரெண்டும் இந்த மாதிரி ஃபோரத்த நம்பித்தான் ஓடுது. ஒய்பிஓல 45 வயசுக்குள்ள சேந்திருக்கணும், எனக்கு அந்த பஸ் போயிடுச்சு. என் மச்சான் இந்த மாதிரி ஒரு ஃபோரத்துல இருக்கான், எப்படிடா இருக்குன்னு கேட்டா உள்ள பேசறது எதையும் வெளிய சொல்லக்கூடாதும்மான், அதனால நல்லாத்தான் இருக்கும்னு நம்பிக்கறேன், அதுக்கு மேல நான் பேசறது நியாயமில்ல.

இப்ப மெயின் மேட்டருக்கு வரேன்.

பால்ரூம் டின்னர் எப்படி போகும்னு போனவங்களுக்குத் தெரியும். இன்விடேஷன்ல 6:30ன்னு இருக்கும். 7:20க்கு குத்துவிளக்கு. அறிமுகமே தேவையில்லாத மனிதர்னு ஆரம்பிச்சு பத்து நிமிஷம் அறிமுகம். 7:50க்கு ஸ்பீக்கர் மைக் பிடிச்சா 8:50. ரெண்டு கேள்வி, ரெண்டுமே கேள்வி இல்ல, கேக்கறவரோட சுயசரிதை. பொன்னாடை, நினைவுப்பரிசு, நன்றியுரை, தேசிய கீதம். 9:15க்கு பஃபே மூடிய தொறப்பாங்க. தொறந்த அடுத்த நிமிஷம் 300 பேரும் கியூல நிப்பாங்க, அதுல பாதிப்பேர் கண்ணு வாட்ச்ல இருக்கும், டிரைவர் ரெண்டு மிஸ்டு கால் குடுத்திருப்பான். இடது கையில பிளேட், வலது கையில நாண் ஒட்டிட்டு இருக்கு, எதிர்ல ஒருத்தர் வந்து கார்டு நீட்டறார், எந்தக் கையில வாங்கறது? பிளேட்ட எங்கயாவது வச்சுட்டு கைய தொடச்சு வாங்கறதுக்குள்ள அவர் நகந்து ஐஸ்கிரீம் கவுன்டர் போயிருப்பார். ஆறு வருஷத்துல எனக்கு சேந்த கார்டு ஒரு ஷூ பாக்ஸ் நெறைய இருக்கு. யாரு யாருன்னு இப்ப பாத்தா முகம் ஞாபகம் வரல.

மேடைக்கு முன்னாடி ரவுண்டு டேபிள் போட்டிருப்பாங்களேன்னு கேப்பீங்க. போட்டிருப்பாங்க. ஆறடி டேபிள், பத்து பேர், எதிர்ல இருக்கறவர் பேசறது கேக்கவே கேக்காது, ரெண்டு பக்கமும் இருக்கறவங்கதான் கணக்கு, அந்த ரெண்டு பேரும் நம்ம கூட கார்ல வந்தவங்களாத்தான் இருப்பாங்க. தெரிஞ்சவன் பக்கத்துல துண்டு போட்டு உக்காந்துக்கறதுதான நம்ம பழக்கம்.

சின்ன டின்னர் என்ன பண்ணுதுன்னு பாருங்க. 24 பேர், மூணு டேபிள், டேபிளுக்கு எட்டு பேர், அஞ்சடி டேபிள். வாசல்ல ஒரு எவர்சில்வர் சொம்புல சீட்டு இருக்கும், எடுத்தா டேபிள் நம்பர், மாத்திக்க முடியாது. 7:30க்கு சூப், யார் வந்தாலும் வராட்டியும். 8 மணிக்கு ஸ்பீக்கர், 25 நிமிஷம், ஸ்லைடு கிடையாது. அப்புறம் மெயின் கோர்ஸ் டேபிளுக்கே வரும், ஸ்பீக்கர் பிளேட்ட எடுத்துட்டு ஒவ்வொரு டேபிளா மாறி உக்காருவார், 9:45 வரைக்கும் யாரும் எந்திரிக்க மாட்டாங்க. மாசாமாசம் ஒருத்தர் ஹோஸ்ட், ஹாலும் ஆளும் அவர் பொறுப்பு. இது ஒண்ணும் புதுசு இல்ல, 1905ல சிகாகோல பால் ஹாரிஸ்னு ஒரு வக்கீல் மூணு பேரக் கூட்டிட்டு ஆரம்பிச்சப்ப ஒவ்வொருத்தர் ஆபீஸ்லயும் மாத்தி மாத்தி கூடுனாங்க, ரோட்டரிங்கற பேரே அதுல வந்ததுதான்.

என்னைப் பொறுத்தவரைக்கும் தீர்மானிக்கறது ஒரே விஷயம், ஸ்பீக்கர் பேசி முடிச்ச அப்புறம் வர்ற முக்கால் மணி நேரம். அதுல நீங்க எங்க இருக்கீங்க, யார் கூட இருக்கீங்க, கையில பிளேட்டோட நிக்கறீங்களா, டேபிள்ல உக்காந்திருக்கீங்களா. சாப்பாடு, ஹோட்டல், ஸ்பீக்கரோட பேரு எல்லாம் அதுக்குக் கீழதான். ஏன்னா ஸ்பீக்கர் சொல்ற விஷயம் முக்கால்வாசி யூடியூப்ல கெடைக்குது. அவர் நமக்கு உண்மையா குடுக்கறது பேச ஒரு சாக்கு. நம்ம லெவல் ஆளுங்க ரெண்டு பேர் தெரியாதவங்களா பக்கத்துல உக்காந்தா பிசினஸ் எப்படிப் போகுதுன்னு கேக்க மாட்டோம், கேட்டாலும் பரவாயில்லைங்க, போகுதுங்கன்னு முடிச்சுருவோம். ஆனா இப்பத்தான் ஒருத்தர் ஏதோ ஒண்ணப் பேசிட்டுப் போயிருக்கார்னா, அவர் சொன்னது சரியான்னு ஆரம்பிச்சு பத்தாவது நிமிஷத்துல சொந்தக் கதைக்கு வந்துருவாங்க. அந்தப் பத்தாவது நிமிஷம் பால்ரூம்ல வர்றதே இல்ல, அதுக்குள்ள கியூ.

இதுக்கு எனக்கு நேர்ல கெடைச்ச சாட்சி ஒண்ணு இருக்கு. 2024 ஜனவரி கடைசில பால்ரூம்ல 43பி எச் பத்தி ஒரு டாக். தெரியாதவங்களுக்கு: 1961 வருமான வரிச் சட்டத்துல அப்ப வந்த பிரிவு, மைக்ரோ, ஸ்மால் யூனிட்டுக்கு தர வேண்டிய பணத்த எழுத்துல ஒப்பந்தம் இருந்தா அதிகபட்சம் 45 நாள்லயும் இல்லன்னா 15 நாள்லயும் தரணும், தராம வருஷத்த முடிச்சா வாங்குனவன் அந்தச் செலவ பணம் குடுக்கற வருஷத்துலதான் கழிக்க முடியும். அற்புதமான ஸ்பீக்கர், அறுபது ஸ்லைடு, நான் பதினேழு போட்டோ எடுத்தேன். நமக்கு இனி பணம் டைமுக்கு வரும்டான்னு சந்தோஷமா பனீர் பட்டர் மசாலா சாப்பிட்டுட்டு வந்துட்டேன்.

மூணு வாரம் கழிச்சு சின்ன டின்னர், எனக்கு அங்க ரெண்டாவது தடவை, அதே சப்ஜெக்ட். பேசுனவர் ரிட்டையர்ட் இன்கம்டாக்ஸ் ஆபீசர், சுமாராத்தான் பேசுனாரு, ரெண்டு தடவ தொலைஞ்சு போனாரு. ஆனா சொம்புச் சீட்டு என்னைய ஒரு மெஷினரி கம்பெனி ஃபைனான்ஸ் ஹெட் பக்கத்துல உக்கார வச்சிருச்சு. நான் இந்தச் சட்டம் நமக்கு நல்லதுதானுங்கன்னு ஆரம்பிச்சேன். அவர் சப்பாத்திய பிச்சுக்கிட்டே, குரல எறக்கி, "உண்மைய சொல்லட்டுங்களாண்ணா, எங்க எம்டி வெண்டர் லிஸ்ட்ட ரெண்டாப் பிரிக்கச் சொல்லிட்டாருங்க, ஸ்மால் ஒரு பக்கம், மீடியம் ஒரு பக்கம்"னாரு. மீடியம் யூனிட்டுக்கு அந்தப் பிரிவு பொருந்தாது, அவங்ககிட்ட வாங்குனா தொண்ணூறு நாள் பழையபடி ஓட்டலாம். "நீங்க எதுங்கண்ணா?"ன்னு கேட்டாரு. ஸ்மாலுங்கன்னேன். அப்ப ஸ்மாலுக்கு டர்னோவர் லிமிட் 50 கோடி, 2025 ஏப்ரல்ல இருந்துதான் 100 கோடி ஆக்குனாங்க. அவர் ஒண்ணும் சொல்லல, ரசம் சாப்பிட்டாரு.

அன்னைக்கு ராத்திரி தூக்கமே வரல. மறுநாள் காலைல என்னோட மூணு பெரிய கஸ்டமருக்கும் போன் போட்டேன். ஒருத்தர் ஏற்கனவே எங்க பேட்டர்ன (வார்ப்பு அச்சு) வேற பவுண்டரிக்கு மாத்தற யோசனையில இருந்தாரு, அது போயிடுச்சு, காப்பாத்த முடியல. இன்னொருத்தர்கிட்ட எழுத்துல ஒப்பந்தமே இல்லாம பர்சேஸ் ஆர்டர் மட்டும் வச்சு ஓட்டிட்டு இருந்தோம், அவருக்கு 15 நாள் கணக்குன்னு அவருக்கே தெரியல, 45 நாளுக்கு அக்ரிமென்ட் போட்டு விலையில கொஞ்சம் விட்டுக் குடுத்து நிறுத்திக்கிட்டேன். அதே சப்ஜெக்ட், பால்ரூம்ல இருந்தவர் நூறு மடங்கு நல்ல ஸ்பீக்கர், பதினேழு போட்டோவும் இன்னும் போன்லதான் இருக்கு. அந்த ஃபைனான்ஸ் ஹெட்டு பால்ரூம்லயும் அன்னைக்கு இருந்தாராம், பின்னாடி டேபிள்ல. நாங்க பாத்துக்கவே இல்ல.

அவர் அவ்வளவு வெளிப்படையா பேசுனதுக்கு இன்னொரு காரணமும் இருக்கு. லண்டன்ல சாத்தம் ஹவுஸ்ங்கற ஆய்வு நிறுவனம் 1927ல கொண்டு வந்த ஒரு ரூல எங்க குரூப் வச்சிருக்கு: கேட்ட விஷயத்த நீங்க பயன்படுத்திக்கலாம், யார் சொன்னதுன்னு சொல்லக்கூடாது. நானும் இங்க அவர் கம்பெனிய சொல்லலை பாருங்க. 300 பேர் ஹால்ல இந்த ரூல போட்டா சிரிப்பாங்க, ஸ்பீக்கர் பேசறப்பவே ஸ்டேட்டஸ் வச்சிட்டு இருப்பானுங்க.

சின்னதுல குறை இல்லையான்னா, இருக்கு. ஒரு அறுவை கேஸ் டேபிள்ல மாட்டுனா ரெண்டேகால் மணி நேரமும் தப்பிக்க வழி கிடையாது, எனக்கு ரெண்டு தடவ நடந்திருக்கு. இடம் காலியானாத்தான் புது ஆளு, அதனால ரெண்டாவது வருஷக் கடைசில எல்லார் கதையும் எல்லாருக்கும் தெரிஞ்சுபோகுது. 24 பேர்ல பெண்கள் மூணே பேரு, எங்க குரூப்ப பத்தி நானே வெக்கப்பட வேண்டிய விஷயம் அது. அப்புறம் அஞ்சு வருஷம் கழிச்சும் இது இப்படியே ஓடுமா, நாலு பேர் விலகுனா கலஞ்சிடுமான்னு கேட்டா ரெண்டு வருஷ அனுபவத்த வச்சு என்னால அடிச்சு சொல்ல முடியாது.

பால்ரூம் யாருக்கு சரின்னா, ஊருக்கு புதுசா வந்தவங்களுக்கு, பையனையோ பொண்ணையோ தொழிலுக்கு கொண்டு வந்து நாலு பேருக்கு முகம் காட்ட நெனைக்கறவங்களுக்கு. பேசறவரே நியூஸா இருந்தாலும் பால்ரூம்தான். 1962 டிசம்பர்ல நியூயார்க் எகனாமிக் கிளப் டின்னர்ல அமெரிக்க ஜனாதிபதி கென்னடி வரிக் குறைப்ப பத்தி பேசுனாரு, அந்த மாதிரி ஆள் வந்தா நானும் கடைசி வரிசைல நின்னு கேட்டுக்கறேன். அவினாசி ரோட்டுக்கு அப்படி யாரும் வந்து நான் பாக்கல.

செலவு கிட்டத்தட்ட ஒண்ணுதான். பால்ரூம் வருஷ மெம்பர்ஷிப்பையும் டின்னர் காசையும் கூட்டுனா எனக்கு 30,000 பக்கம் ஆச்சு, சின்னதுல தலைக்கு ஒரு டின்னருக்கு 3,000 மேனிக்கு பத்து மாசம். ரெண்டுலயும் ஜிஎஸ்டி கிரெடிட் எடுக்கலாம்னு கனவு காணாதீங்க, கிளப் மெம்பர்ஷிப்பும் சாப்பாடும் ஜிஎஸ்டி சட்டம் 17(5)ல தடுத்து வச்ச லிஸ்ட்ல இருக்கு, ஆடிட்டர்கிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கங்க.

தேதிதான் ரெண்டுக்கும் பொது எதிரி. முகூர்த்த நாள்ல வச்சா பாதிப்பேர் ரிசப்ஷனுக்குப் போயிருவாங்க, போகலன்னா மொய் வச்சவங்க மொகத்துல முழிக்க முடியாது. கொங்கு நாட்டுல ஒரிஜினல் நெட்வொர்க்கிங் டின்னரே கல்யாண ரிசப்ஷன்தானுங்க, ஸ்பீக்கருக்கு பதிலா லைட் மியூசிக்.

வர்ற மாசம் ஹோஸ்ட் நானு. புரட்டாசி, அதனால முழுக்க சைவம், ஹோட்டல்காரன்கிட்ட சொல்லியாச்சு. ஸ்பீக்கர் ஐரோப்பா கார்பன் வரி பத்தி பேச ஒத்துக்கிட்டாரு, நேத்து போன் பண்ணி புரொஜெக்டர் இருக்குமான்னு கேட்டாரு. இல்லைங்க சார், சொம்பு மட்டும்தான் இருக்கும்னேன். கொஞ்ச நேரம் லைன்ல சத்தமே இல்ல.