மணிக்கயிறா, சிலிக்கோன் வளையமா?

என் மகனுக்குப் பதினொரு வயது, ஆட்டிசம் உண்டு. விரலுக்கு வேலை இல்லையென்றால் நகத்தைப் பிய்ப்பான், சட்டைக் காலரைக் கடிப்பான். கையிலேயே மாட்டிக்கொள்ள ஏதாவது வேண்டும் என்று இரண்டு வருடமாகத் தேடியதில் கடைசிவரை நின்றவை இரண்டு: நானே பின்னிய மணிக்கயிறு, சிலிக்கோன் வளையம்.

இடையில் ஒரு பித்தளைச் சுழல் மோதிரமும் வந்தது. வியர்வை பட்டுக் களிம்பு ஏறி விரல் பச்சையாகிவிட்டது. கடிக்காத பெரியவர்களுக்கு ஸ்டீல் மோதிரம் ஒத்துவரலாம். நான் பார்த்தது ஒரு பையனை மட்டும்தான்.

மணிக்கயிறு கையில் இருந்தால் யாரும் கேள்வி கேட்பதில்லை. எங்கள் மார்த்தாண்டம் பக்கம் கோயில் கயிறு, ஜெபமாலை, கறுப்புச் சரடு என்று எல்லோர் கையிலும் ஏதோ ஒன்று இருக்கும். மர மணிகளை உருட்டுவதும் அவனுக்கு அவ்வளவு பிடிக்கும்.

சரி, கழுவுவது? இங்கே ஆனி ஆடியிலும் மழை, ஐப்பசி கார்த்திகையிலும் மழை. எச்சிலும் வியர்வையும் முடிச்சுக்குள் இறங்கிவிடும். சோப்பில் அலசிக் கொடியில் போட்டால் வெளியே காய்ந்ததுபோல் இருக்கும். இரண்டாம் நாள் ஈர நாற்றம், அப்புறம் பூசணம். மூன்று கயிறு பின்னி மாற்றி மாற்றிக் கட்டியும் சமாளிக்க முடியவில்லை. வாசனை அவனுக்கு நம்மைவிட அதிகமாக உறைக்கும். அவன் கயிற்றைக் கழற்றி எறிந்த காரணம் எனக்குப் புரிய ஒரு மழைக்காலம் முழுக்க ஆனது.

சிலிக்கோன் ஈரத்தை உறிஞ்சாது. கொதிநீரில் ஐந்து நிமிடம் போட்டு எடுத்துத் துடைத்து, ஆறியதும் கையில் மாட்டலாம். சிலருக்கு ஒவ்வாத ரப்பர்ப் பாலும் அதில் இல்லை. ஆனால் நூலில் மணி மணியாகக் கோத்ததை வாங்காதீர்கள். துளைக்குள் தண்ணீர் தங்கும். நூல் அறுந்தால் மணி தொண்டைக்குப் போகும். ஒரே வார்ப்பாக இருக்கட்டும். விரலுக்கு மேடுபள்ளம் வேண்டும்தான், ஆனால் அந்தப் பள்ளம் பல் துலக்கும் பிரஷ் நுழையும் அகலத்தில் இருக்க வேண்டும். கழுத்தில் போடுவதானால், இழுத்த உடனே கழன்றுவிடும் பூட்டு கட்டாயம்.

இதிலும் தொல்லை உண்டு. தூசியும் முடியும் ஒட்டும். பல் பட்டுக் கீறல் விழுந்தால் அன்றைக்கே மாற்ற வேண்டும்; அதனால் தினமும் காலையில் வளைத்துப் பார்த்துவிட்டுத்தான் மாட்டிவிடுகிறேன்.

மணிக்கயிற்றைத் தூக்கிப் போடவில்லை. பங்குனி, சித்திரை வெயிலில் அவனே அதைத் தேடி எடுத்துக்கொண்டு வருவான்.