மூணாறு லயங்களில் வேதாகமம் வாசிக்க எந்தச் செயலி?

மூணாறு, தேவிகுளம் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து தமிழ் ஆராதனைக்கு வரும் குடும்பங்களில், பெற்றோர் தமிழ் வேதாகமத்தைப் புரட்ட, மலையாள வழியில் படித்த பிள்ளைகள் மலையாள வேதாகமத்தைத் திறப்பது இன்று சாதாரணமாகிவிட்டது. இந்தக் குடும்பங்களுக்குக் கைப்பேசிச் செயலியைப் பரிந்துரைக்கும்போது, லயத்துக்குள், அதாவது தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளுக்குள், சிக்னல் கிடைக்காத வேளையிலும் வசனம் திறக்க வேண்டும் என்பதையே நான் முதல் அளவுகோலாக வைக்கிறேன்.

பலரும் முதலில் நிறுவுவது யூவெர்ஷன். அமெரிக்காவின் லைஃப் சர்ச் என்ற சபை 2008இல் வெளியிட்ட இச்செயலி முற்றிலும் இலவசம், விளம்பரமும் கிடையாது. நம் சபைகளில் வாசிக்கப்படும் தமிழ்ப் பழைய திருப்புதலும், மலையாள சத்தியவேத புஸ்தகமும் இதில் உள்ளன. ஒரு வசனத்தைத் தொட்டு ஒப்பிடும் வசதியைத் திறந்தால், நாம் சேர்த்துவைத்த மொழிபெயர்ப்புகள் ஒன்றன்கீழ் ஒன்றாக வருவதால், தாயும் மகளும் ஒரே திரையில் சேர்ந்து வாசிக்கலாம். இரு மொழி வீட்டுக்கு இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை. ஆனால் இணையமின்றி வாசிக்கும் அனுமதி ஒவ்வொரு மொழிபெயர்ப்பின் பதிப்பாளரையும் பொறுத்தது. பதிவிறக்கக் குறி இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்து, சிக்னல் உள்ள இடத்திலேயே இறக்கிவைத்துக்கொள்ள வேண்டும்.

ஆண்ட்ராய்டு கைப்பேசிக்கான ஆண்ட் பைபிள், இணையமின்றி இயங்குவதையே அடிப்படையாகக் கொண்ட திறந்த மூலச் செயலி. திரையை இரண்டாகப் பிரித்து இரு மொழிகளையும் ஒரே அதிகாரத்தில் சேர்ந்து நகரவிடலாம் என்பதால், வீட்டு ஜெபக்கூட்டத்தை நடத்துபவருக்கு நான் இதையே சொல்வேன். தொடக்க அமைப்பு சற்றுச் சிரமமானது. வீட்டில் விவரம் தெரிந்த பிள்ளை ஒருவர் உட்கார்ந்து செய்துதர வேண்டியிருக்கும். சபை வாசிக்கும் அதே மொழிபெயர்ப்பு அதன் பட்டியலில் உள்ளதா என்றும் முதலில் தேட வேண்டும்.

கொழுந்து பறித்துவிட்டு மாலையில் களைத்துத் திரும்பும் அம்மாமாருக்கும், எழுத்து வாசிக்கச் சிரமப்படும் பாட்டிமாருக்கும் பைபிள் டாட் இஸ் (Bible.is) என்ற செயலி பொருத்தமானது. கேட்பதற்காகவே உருவாக்கப்பட்ட இதில் ஒலிப்பதிவுகளை இறக்கிவைத்துக்கொண்டு, அடுப்படி வேலையினூடே சுவிசேஷத்தைக் கேட்கலாம். ஊன்றிப் படிப்பதற்கு மற்ற இரண்டுமே மேல்.

கத்தோலிக்கர், எந்தச் செயலியாயினும் 73 நூல்களும் உள்ள பதிப்பு கிடைக்கிறதா என்று பார்த்தே முடிவெடுக்க வேண்டும். அதிகாரத்துக்கு அதிகாரம் விளம்பரம் குறுக்கிடும் சிறு செயலிகளை ஜெபவேளைக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

எதை நிறுவினாலும், மூணாறு டவுனிலிருந்து தோட்டத்துக்கு ஜீப் ஏறுமுன் விமானப் பயன்முறையை இயக்கி, ஆபகூக் 3:17ஐத் திறந்து பாருங்கள். பக்கம் வெறுமையாக நின்றால் மொழிபெயர்ப்பு இறங்கவில்லை என்று பொருள். அங்கேயே மீண்டும் இறக்கிவிடலாம்.