ட்ரிபிள் ஆப்ஷனா, ஸோன் ரீடா, ஆர்.பி.ஓ.வா?

2013 நவம்பர் 23. ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தின் கெய்ன்ஸ்வில் மைதானத்துக்கு ஜார்ஜியா சதர்ன் அணி ஆட வந்தது. ஒரு படி கீழே உள்ள பிரிவின் அணி அது. அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் (நம் கால்பந்து அல்ல; பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் ஆடுவது) பெரிய பல்கலைக்கழகங்கள் இப்படிப்பட்ட அணிகளைப் பணம் கொடுத்து வரவழைப்பதே நன்றாக அடித்து அனுப்பத்தான். அன்று கதை மாறிவிட்டது. ஜார்ஜியா சதர்ன் ஆட்டம் முழுவதும் மூன்றே முறை பந்தை எறிந்தது. ஒன்றுகூட சொந்த ஆள் கையில் சேரவில்லை. ஓடி ஓடியே 429 யார்டு எடுத்து, 26–20 என்று ஜெயித்துவிட்டுப் போனது.

சரியாக ஒரு வாரம் கழித்து, நவம்பர் 30. ஆபர்ன் அணி அலபாமாவிடம் 21–28 என்று பின்தங்கியிருந்தது; மிச்சம் ஒரு நிமிடத்துக்கும் குறைவு. பந்தை முதலில் கையில் வாங்கி ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் நிக் மார்ஷல், ஓட்டக்காரர் ட்ரே மேசனிடம் பந்தைக் கொடுப்பதுபோல் நீட்டினார், இழுத்துக்கொண்டார், இடப்பக்கம் ஓடினார். அலபாமாவின் ஓரக் காவலரான கார்னர்பேக் அவரைப் பிடிக்க முன்னேறினார். ஆட்டம் தொடங்கிய கோட்டைத் தொடுவதற்குச் சற்று முன் மார்ஷல் பந்தை அந்த கார்னர்பேக்கின் தலைக்கு மேலே லேசாக எறிந்தார். தனியே நின்ற சாமி கோட்ஸ் பிடித்து ஓடி முடித்தபோது 39 யார்டு டச்டவுன், அதாவது பந்து கடைசிக் கோட்டைத் தாண்டிவிட்டது. கடிகாரத்தில் 32 வினாடி. அதற்குப் பிறகு நடந்த கூத்தைத்தான் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். எனக்கு இந்த 39 யார்டுதான் முக்கியம்.

ஒன்றில் எறிதலே இல்லை, இன்னொன்றில் எறிதல்தான் முடிவு. ஆனாலும் இரண்டும் ஒரே குடும்பம். பாட்டனும் பேரனும் என்று வைத்துக்கொள்ளலாம். நடுவில் ஒரு தகப்பனும் உண்டு. பாட்டன் ட்ரிபிள் ஆப்ஷன், தகப்பன் ஸோன் ரீட், பேரன் ஆர்.பி.ஓ., அதாவது ரன்-பாஸ் ஆப்ஷன். ஓடுவதா எறிவதா என்ற முடிவை ஆட்டம் தொடங்கிய பிறகு எடுப்பதுதான் இந்த மூன்றாவது.

மூன்றுக்கும் அடியில் இருப்பது ஓர் எளிய கழித்தல் கணக்கு. பதினொருவருக்கு எதிரே பதினொருவர். பந்து வைத்திருக்கும் அணி எதிராளிகளை உடலால் மறித்து ஓடுபவருக்கு வழிவிட வேண்டும்; அதைத்தான் தடுப்பது என்கிறேன். பந்தை ஏந்தி ஓடுபவரால் யாரையும் தடுக்க முடியாது. அவரிடம் பந்தைக் கொடுத்த குவார்ட்டர்பேக்கும் சும்மா நிற்கிறார். ஆக, தடுக்க ஒன்பது பேர். தடுக்கப்பட வேண்டியவர்கள் பதினொருவர். எவ்வளவு பலசாலிகளைச் சேர்த்தாலும் அந்த இரண்டு பேர் இடிக்கிறார்கள். ஆப்ஷனின் விடை விசித்திரமானது: ஓர் ஆளை வேண்டுமென்றே தடுக்காமல் விடு. அவர் எந்தப் பக்கம் பாய்கிறாரோ அதற்கு மறுபக்கம் பந்தை அனுப்பு. இருதலைக் கொள்ளி எறும்பு என்று நாம் சொல்வோமே, அந்த எறும்புதான் அவர். எங்கே போனாலும் தப்பு. மிசௌரியின் பயிற்சியாளர் டான் ஃபோரட் 1941-இல் இதை ஃபுட்பாலுக்குக் கொண்டுவந்தார். கூடைப்பந்தில் இருவர் ஒருவரை நோக்கி வேகமாகப் பாய்ந்து வருவார்கள். பந்து வைத்திருப்பவரை அந்த ஒருவர் மறித்தால் பந்து பக்கத்து ஆளுக்குப் போகும். ஃபோரட்டுக்கு யோசனை கிடைத்தது அங்கிருந்துதான்.

ட்ரிபிள் ஆப்ஷனில் எறும்புகள் இரண்டு. குவார்ட்டர்பேக், பந்தைப் பின்னால் தந்து ஆட்டத்தைத் தொடங்கும் சென்டரின் முதுகுக்குப் பின்னாலேயே நின்று பந்தை வாங்குகிறார். உடனே திரும்பி, நேர் நடுவே பாய்ந்து வரும் ஃபுல்பேக் என்ற ஓட்டக்காரரின் வயிற்றில் பந்தை வைக்கிறார். வைத்தாலும் விடுவதில்லை. இருவர் கையும் பந்தின்மேல் இருக்க, ஓர் அடி இரண்டு அடி சேர்ந்தே போகிறார்கள். குவார்ட்டர்பேக்கின் கண் பந்தின்மேல் இல்லை. தடுக்காமல் விட்ட முதல் ஆளின் தோள்மேல். அந்த ஆள் ஃபுல்பேக்கை நோக்கித் திரும்பினால் பந்தை உருவிக்கொண்டு வெளியே ஓட வேண்டும். திரும்பாவிட்டால் விட்டுவிட வேண்டும். வெளியே ஓடினால் அங்கே இரண்டாவது ஆள். அவர் குவார்ட்டர்பேக்மேல் பாய்ந்தால், நான்கைந்து யார்டு பக்கவாட்டில், ஒரு யார்டு பின்னால் கூடவே ஓடிவரும் இன்னொரு ஓட்டக்காரரான ஹாஃப்பேக்குக்குப் பந்தைத் தட்டிவிட வேண்டும். இத்தனை முடிவும் கண் இமைக்கும் நேரத்தில். யாரும் தொடாமலேயே இரண்டு எதிராளிகள் கணக்கிலிருந்து கழிகிறார்கள். அந்த இருவரைத் தடுக்க வேண்டியிருந்த ஆட்கள், பின்னால் நிற்கும் காவலர்களான லைன்பேக்கர்மீதும் சேஃப்டிமீதும் போய் விழலாம்.

1968-இல் டெக்ஸஸ் பல்கலைக்கழகத்தில் தலைமைப் பயிற்சியாளர் டாரல் ராயலின் உதவியாளர் எமரி பெல்லார்ட் இதை ஓர் அமைப்பாக வடித்தார். குவார்ட்டர்பேக்கின் பின்னால் ஃபுல்பேக், அவருக்குப் பின்னால் இரு பக்கமும் இரண்டு ஹாஃப்பேக்குகள். மேலிருந்து பார்த்தால் உண்டிகோல் கவட்டை. அங்கே அதற்கு விஷ்போன் என்று பெயர். முதல் ஆட்டம் சமன், இரண்டாவது தோல்வி; அப்புறம் தொடர்ந்து 30 வெற்றிகள். ஓக்லஹோமா 1970 பருவத்தின் நடுவிலேயே இதற்கு மாறியது. 1971-இல் ஓர் ஆட்டத்துக்குச் சராசரி 472.4 யார்டு ஓடியது. அந்தச் சாதனைக்கு இன்றும் ஆபத்தில்லை.

அது ஏன் வழக்கொழிந்தது? பந்து கீழே விழும். முதல் காரணம் அதுதான். அத்தனை கைமாற்றங்களில் ஒன்று பிசகினால் போதும். டெக்ஸஸின் அந்த 30 வெற்றிகளை 1971 புத்தாண்டு நாள் காட்டன் பவுல் என்ற பருவ இறுதி ஆட்டத்தில் நோட்ர டேம் முடித்துவைத்தபோது, டெக்ஸஸ் ஒன்பது முறை பந்தைத் தவறவிட்டு ஐந்து முறை பறிகொடுத்தது. இரண்டாவது, இரண்டு டச்டவுன் பின்தங்கிவிட்டால் நிதானமாக நான்கு நான்கு யார்டாக ஓடிக்கொண்டிருக்க முடியாது. மூன்றாவது காரணம் மைதானத்துக்கு வெளியே இருக்கிறது. தொழில்முறை அணிக்குப் போகும் கனவோடு வரும் பதினெட்டு வயதுப் பையன், எறியாத அணியில் ஏன் சேர வேண்டும்? ஜார்ஜியா டெக்கில் பால் ஜான்சன் 2008 முதல் 2018 வரை இதையே ஆடினார். அங்கிருந்து டெமேரியஸ் தாமஸ் 2010-இல் முதல் சுற்றிலேயே தொழில்முறைக்குத் தேர்வானார். இருந்தும் அந்தப் பேச்சு ஓயவில்லை.

தகப்பன் பிறந்த கதை சுவையானது. மேற்கு வர்ஜீனியாவில் கிளென்வில் ஸ்டேட் என்றொரு சிறு கல்லூரி. 1990-களின் தொடக்கத்தில் அங்கே ரிச் ராட்ரிகஸ் பயிற்சியாளர். குவார்ட்டர்பேக் ஷாட்கன்னில், அதாவது சில யார்டு பின்னால் தள்ளி நிற்கிறார். பயிற்சியில் ஒரு நாள் அவர் பந்தைக் கொடுக்கத் தடுமாறிவிட்டார். ஓடுபவர் வெறுங்கையோடு போய்விட்டார். எதிர் முன்வரிசையின் ஓரத்தில் நிற்கும் டிஃபென்சிவ் எண்டோ அந்த வெறுங்கை ஆளைத் துரத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார். காலியான பக்கம் குவார்ட்டர்பேக் ஓடினார். ஏன் அப்படி ஓடினாய் என்று ராட்ரிகஸ் கேட்க, எண்ட் உள்ளே போனதைப் பார்த்தேன் என்று பதில் வந்தது. ஒரு தவறைத் திட்டித் தீர்க்காமல் காது கொடுத்துக் கேட்ட பயிற்சியாளருக்குக் கிடைத்த பரிசு ஸோன் ரீட்.

இதில் எறும்பு ஒன்றுதான். அதுவும் ஆட்டம் போகும் திசைக்கு எதிர்ப்புறத்தில். முன்வரிசையில் நிற்கும் லைன்மேன்கள் தங்கள் வழக்கமான தடுப்பையே செய்கிறார்கள். புதிதாகக் கற்க வேண்டியவர் குவார்ட்டர்பேக் மட்டுமே. இதன் மலிவே இதன் பலம். ட்ரிபிள் ஆப்ஷன் ஒரு மதம். சேர்ந்தால் முழுதாகச் சேர வேண்டும், வாரம் முழுக்க அதையே பழக வேண்டும். ஸோன் ரீட் தையல்காரர் வைக்கும் ஒட்டு மாதிரி, எந்தச் சட்டையிலும் தைக்கலாம். ராட்ரிகஸே அதை டுலேனுக்கும் கிளெம்சனுக்கும் எடுத்துப் போய், மேற்கு வர்ஜீனியாவில் பேட் வைட்டையும் ஸ்டீவ் ஸ்லேட்டனையும் வைத்து முழு வேகத்தில் ஓட்டினார். 2006 ஜனவரி சுகர் பவுலில் ஸ்லேட்டன் 204 யார்டு ஓட, ஜார்ஜியா 35–38 என்று தோற்றது.

மலிவான சரக்குக்கு மாற்றும் மலிவாகவே கிடைக்கிறது. எண்ட் கண்ணை மூடிக்கொண்டு உள்ளே பாய்வார். குவார்ட்டர்பேக் ‘ஆகா’ என்று இழுத்துக்கொண்டு வெளியே வருவார். அங்கே லைன்பேக்கர் சுற்றி வந்து காத்திருப்பார். இருவரும் வேலையை மாற்றிக்கொண்டார்கள், அவ்வளவுதான். எறும்பு ஒன்றே என்பதால் ஏமாற்றுவதும் ஒரு முறைதான். இன்னொரு சங்கடமும் உண்டு. குவார்ட்டர்பேக் உண்மையிலேயே நன்றாக ஓடுபவராக இல்லாவிட்டால் எண்ட் அவரைப் பொருட்படுத்தவே மாட்டார். நன்றாக ஓடுபவரானால், வாரத்துக்குப் பத்து முறை அடிபட்டு நவம்பருக்குள் நொண்டத் தொடங்குவார்.

இந்த அடியிலிருந்து குவார்ட்டர்பேக்கைக் காப்பாற்றியதுதான் பேரனின் சாமர்த்தியம். ஆர்.பி.ஓ.வில் எறும்பு முன்வரிசையில் இல்லை. கொஞ்சம் தள்ளி நிற்கும் லைன்பேக்கரோ சேஃப்டியோதான் அது. அவர் ஓட்டத்தைத் தடுக்க முன்னே வந்தால், அவர் விட்டுவந்த இடத்தில் பந்து எறியப்படும். வராவிட்டால் ஓட்டம். குவார்ட்டர்பேக் ஓடவே தெரியாதவராக இருந்தாலும் நடக்கும். ஒன்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்: இது விதிப்புத்தகத்தின் ஓர் ஓட்டையில் வாழ்கிறது. எறியும்போது லைன்மேன்கள் முன்னே போகக் கூடாது. ஆனால் கல்லூரி ஆட்டத்தில் மூன்று யார்டு வரை விட்டுக்கொடுக்கிறார்கள். தொழில்முறை ஆட்டத்தில் ஒரே யார்டுதான். அந்த இரண்டு யார்டு சலுகையில்தான் பேரன் வளர்ந்து ஆளானான். மூன்றா நான்கா என்று ஓடிக்கொண்டே அளப்பது எந்த நடுவருக்கும் எளிதல்ல. ஆபர்னின் அந்த 39 யார்டில் லைன்மேன் எங்கே நின்றார் என்று அலபாமாக்காரர்களிடம் கேட்காமல் இருப்பது நல்லது.

இதற்கு மாற்று, ஆளுக்கு ஆள் காவல். பந்தைப் பிடிக்க ஓடும் ஒவ்வொரு ரிசீவரையும் ஒருவர் ஒட்டிக்கொண்டால், நடுவில் திண்டாட ஆளே இல்லை. அந்த அளவுக்கு வேகமான காவலர்கள் உள்ள அணிகள் குறைவு என்பதால்தான் இது இன்னும் ஓடுகிறது.

ஆக, எதைத் தேர்ந்தெடுப்பது? எல்லோரையும்விட நல்ல ஆட்கள் என்னிடம் இருந்தால் ஆர்.பி.ஓ.வையே எடுப்பேன், ரசித்து எடுக்க மாட்டேன். ஓடும் குவார்ட்டர்பேக் ஒருவர் அபூர்வமாகக் கிடைத்தால் ஸோன் ரீட். ஆனால் எதிரணியைவிட இளைத்த அணி ஒன்றை என் கையில் கொடுத்தால், யோசிக்காமல் பாட்டனிடம்தான் போவேன். காரணம் பழக்கம், அதாவது எதிராளிக்குப் பழக்கமின்மை. எல்லோரும் ஆடும் ஆட்டத்தை எல்லோரும் தடுக்கவும் கற்றிருக்கிறார்கள். ட்ரிபிள் ஆப்ஷனைச் சந்திக்க ஓர் அணிக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒரே வாரம். பயிற்சியில் அதைப் போலி செய்து காட்டச் சொந்த மாற்று ஆட்டக்காரர்களால் முடிவதே இல்லை. பாதி வேகம்கூட வராது.

ராணுவக் கல்லூரிகள் இதைப் பிடித்துக்கொண்டிருப்பதும் இதனால்தான். உடல் எடைக்கு வரம்பு உள்ள இடத்தில் முந்நூறு பவுண்டு லைன்மேன்களைச் சேர்க்க முடியாது. 43 ஆண்டுகள் தொடர்ந்து நோட்ர டேமிடம் தோற்ற கடற்படைக் கல்லூரி, 2007-இல் மூன்று கூடுதல் நேர ஆட்டங்களுக்குப் பிறகு 46–44 என்று ஜெயித்தது. கெய்ன்ஸ்வில்லில் ஃப்ளோரிடாவைத் தலைகுனிய வைத்த ஜார்ஜியா சதர்ன் பயிற்சியாளர் ஜெஃப் மாங்கன், அடுத்த பருவத்துக்கே தரைப்படைக் கல்லூரிக்குப் போய்விட்டார். 2018-இல் அவர் அணி ஓக்லஹோமாவின் சொந்த மைதானத்தில், அறுபது நிமிடத்தில் 44 நிமிடத்துக்கும் மேல் பந்தைத் தன்னிடமே வைத்திருந்தது. அந்தப் பருவத்தின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் கோப்பையை வெல்லப்போகும் கைலர் மரே ஓரத்தில் நின்று வேடிக்கை பார்த்தார். கூடுதல் நேரத்தில் தரைப்படையினர் 21–28 என்று தோற்றார்கள். ஜெயித்தவர்கள் முகத்தில் மகிழ்ச்சியைவிட நிம்மதிதான் அதிகம்.

பாட்டனுக்கு அண்மையில் ஒரு பெரிய அடி விழுந்தது. 2022-இல் இடுப்புக்குக் கீழே தடுக்கும் உரிமையை லைனின் நடுப்பகுதிக்குள் சுருக்கிவிட்டார்கள். வெளிப்பக்கத்தில், தன்னைவிடப் பெரிய ஆளின் காலை வாரி வழிவிடுவதுதான் சிறிய ஆட்டக்காரரின் ஆயுதம், அது பறிபோனது. முழங்கால்களைக் காக்கும் விதி என்பதால் குறை சொல்ல மனம் வரவில்லை. மாங்கன் 2023-இல் ஷாட்கன்னுக்கு மாறிப் பார்த்தார். 12 ஆட்டங்களில் ஆறுதான் வெற்றி. 2024-இல் சென்டரின் பின்னால் திரும்பி வந்து, கொஞ்சம் பழையது கொஞ்சம் புதியது என்று கலந்து ஆடினார். 12 வெற்றி, அமெரிக்கன் கான்ஃபரன்ஸ் என்ற அணிக்குழுவின் பட்டம்.

பாட்டனின் முழு குணத்தையும் ஒரே மூச்சில் பார்க்க வேண்டுமென்றால் 2004 டிசம்பர், சான் ஃபிரான்சிஸ்கோ, எமரால்டு பவுல். கடற்படைக் கல்லூரி நியூ மெக்ஸிகோவைத் தன் கோல் கோட்டருகே தடுத்து நிறுத்திவிட்டுப் பந்தை வாங்கியது. ஒரு கால் பகுதி ஆட்டமே 15 நிமிடம்தான். அவர்கள் மூன்றும் நான்குமாக யார்டைச் சேர்த்துக்கொண்டு 26 முறை ஆடி, 94 யார்டு நகர்ந்து, 14 நிமிடம் 26 வினாடி பந்தை விடவே இல்லை. இத்தனைக்கும் கடைசியில் டச்டவுன் வரவில்லை. உதைத்து மூன்று புள்ளி எடுத்துக்கொண்டார்கள். நியூ மெக்ஸிகோவுக்குப் பந்து திரும்பி வந்தபோது ஆட்டமே முடியப்போகிறது.