வழவழப்பான பட்டர்கிரீம்: ஐசிங் சுகரா, முட்டை வெள்ளையா?

250 கிராம் வெண்ணெய்க்கு 500 கிராம் சலித்த ஐசிங் சுகர், இரண்டு மூன்று ஸ்பூன் பால். கேக் மேல் பூசும் அமெரிக்கன் பட்டர்கிரீம் அவ்வளவுதான். சிக்கல் காற்றுக் குமிழிகளில்தான்: வேகமாக அடித்தால் கிரீம் நிறையக் காற்றை வாங்கிக்கொள்ளும், பூச்சைச் சமப்படுத்தும் தகடான ஸ்கிரேப்பர் ஓடும்போது அவை குழி குழியாக வெடிக்கும். கடைசி ஐந்து நிமிடம் மின் மிக்சரின் துடுப்பு வடிவ பீட்டரில் மிகக் குறைந்த வேகத்தில் ஓட்டினால் பெரும்பாலும் அடங்கிவிடும். பூசி 15 நிமிடத்தில் மேலே மெல்லிய பொருக்கு கட்டும். அப்போது பட்டர் பேப்பரை வைத்து உள்ளங்கையால் நீவினால் கோடுகள் மறையும். முன்னதாகச் செய்தால் பேப்பரோடு கிரீமும் வந்துவிடும்.

ஸ்விஸ் மெரிங் வகையில் நான்கு முட்டை வெள்ளையும் 200 கிராம் சர்க்கரையும் கொதிநீர் ஆவியில் 71 டிகிரி செல்சியஸ் வரை சூடாக வேண்டும். நுரைக்க அடித்து, பாத்திரம் ஆறிய பிறகே 300 கிராம் வெண்ணெய். திரிந்ததுபோலத் தெரிந்தால் வெண்ணெய் குளிர்ச்சி, தொடர்ந்து அடியுங்கள். கூழாக ஓடினால் சூடு அதிகம். 15 நிமிடம் ஃபிரிட்ஜில் வைத்து மறுபடி அடியுங்கள். இது பொருக்குக் கட்டாது, பேப்பர் வித்தை பலிக்காது. ஃபிரிட்ஜில் இறுகவிட்டு, வெந்நீரில் நனைத்துத் துடைத்த ஸ்கிரேப்பரை ஒரே சுற்றில் இழுக்க வேண்டும். ஈரம் இருந்தால் திட்டுத் திட்டாகும்.

கேக்கின் கண்ணாடி போன்ற பக்கங்களுக்கு ஸ்விஸ்தான். ஆனால் வெயிலில் முதலில் வழிவதும் அதுவே.