சுவர்ச் சுவிட்சை வீணாக்காத ஈஎஸ்பிஹோம்

கூடத்து விளக்கைக் கைப்பேசியிலிருந்தும் இயக்க வேண்டும், வயதான என் தாயார் பழகிய சுவர்ச் சுவிட்சும் முன்போலவே வேலை செய்ய வேண்டும் என்ற இரண்டு நிபந்தனைகளோடு, டி1 மினி என்னும் சிறு வைஃபை சில்லுப் பலகை, விளக்கின் மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் 5 வோல்ட் ரிலே, 230 வோல்ட்டை 5 வோல்ட்டாக மாற்றும் ஹை-லிங்க் மின்வழங்கி ஆகியவற்றைக் கொண்டு நானே ஒரு சுவிட்சை அமைத்தேன். அதை இயக்குவது ஈஎஸ்பிஹோம் என்னும் திறமூல மென்பொருள். அதைப் பற்றியதே இந்த மதிப்புரை.

நிரல் எழுதத் தெரியாதவரும் இதைக் கையாளலாம். பலகையின் எந்த முனையில் ரிலே, எந்த முனையில் சுவிட்ச் என்று சில வரிகளில் எழுதினால் போதும். முதல் முறை மட்டும் மென்பொருளைப் பலகையில் யூஎஸ்பி கம்பி வழியாக, 230 வோல்ட் இணைப்பை முற்றிலும் துண்டித்துவிட்டு ஏற்ற வேண்டும். பிறகு திருத்தங்கள் எல்லாம் வைஃபை வழியாகவே போய்ச் சேரும்.

இதன் உண்மையான சிறப்பு வேறு. பழைய சுவிட்சை மின்தடத்திலிருந்து விலக்கி, பலகையின் ஒரு முனைக்கும் கிரவுண்டுக்கும் இடையில் இணைத்து, அதன் நிலை எப்பக்கம் மாறினாலும் ரிலேயும் மாற வேண்டும் என்று எழுதிவிட்டால், மாடிப்படி விளக்கின் இருவழிச் சுவிட்சைப் போலவே அது நடந்துகொள்கிறது. இந்த விதி சில்லுக்குள்ளேயே இயங்குவதால், இணையம் நின்றாலும் விளக்கு எரிகிறது.

ஆனால் ஒன்றை மாற்றியே ஆக வேண்டும். வைஃபையோ, வீட்டுக் கருவிகளைக் கைப்பேசியிலிருந்து இயக்க உதவும் ஹோம் அசிஸ்டென்ட் மென்பொருளின் இணைப்போ 15 நிமிடம் கிடைக்காவிட்டால் பலகை தன்னைத்தானே மறுதொடக்கம் செய்துகொள்வது இதன் இயல்பமைப்பு. அப்போது எரியும் விளக்கு அணைந்துவிடும். வைஃபை, ஹோம் அசிஸ்டென்ட் இணைப்பு ஆகிய இரண்டுக்குமான வரிகளிலும் அந்தக் காலவரம்பைப் பூஜ்யமாக்குங்கள். மின்வெட்டுக்குப் பின் விளக்கு அணைந்தே இருக்கும் அமைப்பை மட்டும் நான் மாற்றவில்லை; நள்ளிரவில் மின்சாரம் திரும்பும்போது உறக்கம் கெடாது.

மின்வழங்கிக்கு நியூட்ரல் கம்பியும் தேவை. பிளக் பாயின்ட் உள்ள பெட்டியில் அது இருக்கும். சுவிட்சுகள் மட்டும் உள்ள பெட்டிகள் பலவற்றில் இருப்பதில்லை. மின்பணி பழகாதவர்கள் இந்தப் பகுதியை எலக்ட்ரீஷியனிடம் ஒப்படைப்பதே சரி.

ரிலேயின்மேல் 10 ஆம்பியர் என்று அச்சிட்டிருப்பதை நம்பிக் கெய்சரை இதில் இணைக்காதீர்கள். 2,000 வாட் கெய்சர் ஏறத்தாழ 8.7 ஆம்பியர் இழுக்கும். மூடிய பெட்டிக்குள் அத்தனை சுமையை இந்தச் சிறு பலகையின்மேல் நீண்ட நேரம் ஏற்ற நான் துணிய மாட்டேன்.