குலசேகரம் பக்கத்து விளையில் ஜாமும் ஜெல்லியும்: எதை வாங்கலாம்?

கன்னியாகுமரி மாவட்டத்துக் குலசேகரத்திலிருந்து பேச்சிப்பாறை போகிற வழியில் ஒரு குடும்பம், தங்கள் விளையில், அதாவது தோட்டத்தில், காய்க்கிற பழத்தை வைத்தே ஜாமும் ஜெல்லியும் போட்டு வீட்டுத் திண்ணையில் வைத்து விற்கிறார்கள். போனால் முதலில் கொய்யா ஜெல்லியை எடுங்கள், மற்றதெல்லாம் அப்புறம்.

பாட்டிலை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் அந்தப் பக்கம் வைத்த விரல் தெரிகிறது, அவ்வளவு தெளிவு. வேகவைத்த கொய்யாவைத் துணியில் கட்டி ராத்திரி முழுக்கத் தொங்கவிட்டு, தானாகச் சொட்டுகிற சாற்றை மட்டும் எடுக்கிறார்கள். "பிழிஞ்சா கலங்கிரும் மக்களே" என்றார் அந்த வீட்டு அம்மா. கொய்யாவிலேயே ஜெல்லியை இறுக வைக்கிற பெக்டின் நிறைய உண்டு, அதனால் சர்க்கரையும் கொஞ்சம் எலுமிச்சைச் சாறும் போதும், இறுக வைக்க வேறு பொடி தேவையில்லை. கரண்டியில் எடுத்தால் லேசாக ஆடுகிறது, ஒழுகவில்லை.

அடுத்தது ஜாதிக்காய் ஜெல்லி. நம் ஊரில் கொட்டையையும் அதைச் சுற்றியிருக்கிற பத்திரியையும் எடுத்துவிட்டு மேல்சதையை மரத்தடியிலேயே போட்டுவிடுவோம், இவர்கள் அதை உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டுத் துவர்ப்பைக் குறைத்துக் காய்ச்சுகிறார்கள். புளிப்பு முதலில், வாசனை கடைசியில். தோசைக்குத் தொட்டுச் சாப்பிட்டேன், அருமை.

சக்கை (பலாப்பழ) ஜாம், சுளை குழைவாக இருக்கிற கூழஞ்சக்கையில் போட்டது, நார் இல்லை, மணம் தூக்கல். சக்கை வரட்டி மாதிரி இருக்கும் என்று நினைத்து வாங்க வேண்டாம், இதில் கருப்பட்டியும் இல்லை, நெய்யும் இல்லை. கைதச்சக்கை (அன்னாசி) ஜாம் எனக்குத் திகட்டியது, பழத்தின் புளிப்பே தெரியாத அளவுக்குச் சர்க்கரை. மட்டி வாழைப்பழ ஜாமும் வேண்டாம். 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய பழம் அது, அதன் வாசனை அடுப்பில் ஏறினால் பாதி போய்விடுகிறது, பழமாகவே தின்னலாம்.

ஜாம் என்று விற்க குறைந்தது 45 சதவீதம் பழம் வேண்டும் என்பது பொதுவான விதி. ஆனால் கடையில் வாங்குகிற கலவைப் பழ ஜாமில் எந்தப் பழம் என்றே நாக்குக்குப் பிடிபடாது. இங்கே ஒரு பாட்டிலுக்கு ஒரே பழம், அதற்காகவே கூடுதல் விலை கொடுக்கலாம்.

ஒரே குறை லேபிள்தான். பழத்தின் பெயர் மட்டும் கையால் எழுதி ஒட்டியிருக்கிறார்கள், தயாரித்த தேதி இல்லை. கேட்டால் சொல்கிறார்கள், ஆனாலும் அதை அச்சிட்டே ஆக வேண்டும். பாட்டிலைத் திறந்தபின் ஃப்ரிட்ஜில் வையுங்கள், ஈரக் கரண்டி போடாதீர்கள். கொய்யா ஜெல்லி சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது, மத்தியானத்துக்கு முன்னாடியே போய்விடுவது நல்லது.